உப்புப் பெறாத விஷயத்துக்கு ஒரு மணி நேரம்: தண்ணீர்ப் பந்தல் கூட்டத்தை நடத்துவது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு எதிலாவது நீங்கள் இருந்தால், இந்த வரிசை உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். கூட்டத்தில் முதலில் டி-சட்டை நிறம். மஞ்சளா, காவியா? மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? முதுகில் வேலா, மயிலா? அப்புறம் காகிதக் கோப்பையின் அளவு. அப்புறம் பேனரில் யார் படம் பெரிதாக வருவது. மணி பத்தைத் தாண்டும்போது யாராவது "ஜெனரேட்டர்?" என்று கேட்பார். "அது போன வருஷம் மாதிரியே செஞ்சிடலாம்லா" என்று ஒரு குரல் வரும். எல்லாரும் தலையாட்டுவார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

அப்படி ஒரு குழுவுக்கு நான் செயலாளர். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன், கியூசி என்போமே, அது. சின்ன விஷயத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஆகையால் சின்ன விஷயங்களை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று என் வாயிலிருந்து வராது. எந்தச் சின்ன விஷயத்துக்கு யார் எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை எப்படிப் பிரிப்பது, அதைத்தான் எழுதுகிறேன். பந்தலுக்கு எழுதினாலும் கோவில் திருவிழா, அடுக்குமாடி நிர்வாகக் குழு, பள்ளிப் பெற்றோர் சங்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆட்கள் ஒரே ஆட்கள்தானே.

இந்தக் குணத்துக்கு ஆங்கிலத்தில் மைக்ராலஜி என்று ஒரு பெயர் உண்டு. அகராதியில் மட்டும் உயிரோடு இருக்கும் சொல். வேர் கிரேக்கம். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், மனிதக் குணங்களை வகைவகையாக எழுதி வைத்தவர், அந்தப் பெயரில் ஓர் ஆளையே காட்டியிருக்கிறார். மனைவி ஒரு செப்புக்காசைத் தவறவிட்டால் அவன் கட்டில், பெட்டி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் நகர்த்திப் போட்டுத் தேடுவானாம். ஏதென்ஸில் 2,300 வருடத்துக்கு முந்தைய ஆள். படித்ததும் எனக்கு எங்கள் பொருளாளர் அண்ணன் முகம்தான் வந்தது. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கமிட்டிகளின் இந்த வியாதியை ஒரு விதியாகவே எழுதியவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அவர் சொல்லும் கற்பனைக் கதையில் ஒரு நிதிக்குழு உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஒரு கோடி பவுண்டில் அணு உலை. இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல். அடுத்து 350 பவுண்டில் குமாஸ்தாக்களுக்குச் சைக்கிள் கொட்டகை. கூரைக்கு அலுமினியமா, ஆஸ்பெஸ்டாஸா என்று முக்கால் மணி நேரம். கடைசியில் வேறொரு குழுவின் கூட்டங்களுக்குக் கோப்பிச் செலவு, வருடத்துக்கு 21 பவுண்டு. ஒன்றேகால் மணி நேரம்! அணு உலை என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. தெரிந்த ஓரிருவருக்கோ, விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும் என்ற பயம். கொட்டகை எல்லாரும் பார்த்த பொருள். கோப்பியைப் பற்றிக் கருத்து இல்லாதவர் உலகத்தில் யார்? அந்த மனிதர் நம் பக்கத்துக் கூட்டங்கள் எதிலோ உட்கார்ந்து நொந்துபோய்த்தான் இதை எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆதாரம் கேட்காதீர்கள்.

கண் ஏன் கீறலிலேயே நிற்கிறது

தொழிற்சாலையில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு தட்டுச் சர்க்யூட் போர்டும் அதன் மூடியும் கொடுப்போம். மூடியில் நகக்கண் அளவு கீறல் இருந்தால் அத்தனை பேரும் உடனே பிடித்துவிடுவார்கள். போர்டில் ஒரு மின்தேக்கியைத் தலைமாற்றிப் பொருத்தியிருந்தால் முதல் நாளில் அநேகமாக யாரும் பிடிக்க மாட்டார்கள். எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஓரத்தில் ஒரு பட்டைக் கோடு இருக்கும், அது நெகட்டிவ் பக்கம். மாறிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் உப்பும், சில நேரம் வெடிக்கும். கீறலால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் கீறலைக் குறை என்று சொல்லப் பயிற்சி வேண்டாம், கோட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கோட்டை ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் போதும், மறுநாளிலிருந்து அவர்கள் கண் தானாகவே அங்கே போகும். கூட்டத்திலும் இதே வைத்தியம்தான். டி-சட்டையைப் பற்றிப் பேசாதே என்று வாயை மூடுவது கதைக்கு ஆகாது. ஜெனரேட்டரைப் பற்றிப் பேசத் தெரியும்படி செய்ய வேண்டும். இதை மட்டும் செய்துவிட்டு, நான் கீழே சொல்லும் மற்றதை எல்லாம் நீங்கள் விட்டாலும் பரவாயில்லை.

எங்கள் பிரிவில் குறைகளை மூன்றாகப் பிரிப்போம். வாங்குபவருக்கு ஆபத்தானது ஒன்று. பொருள் வேலை செய்யாமல் போவது ஒன்று. பார்க்க அழகில்லாதது ஒன்று. முதல் வகையில் ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்தச் சரக்கும் நிற்கும். மூன்றாம் வகையில் இத்தனை வரை போகலாம் என்று ஓர் எல்லை உண்டு. பந்தல் கூட்டத்துக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஒரு விஷயம் மேசைக்கு வந்ததும் நான் கேட்பது இது: இது ஆபத்தா, விடை உள்ள கேள்வியா, ருசியா?

ஆபத்து என்றால் யாருக்காவது உடம்பில் படும், அல்லது பெர்மிட் போகும், அல்லது கொடுத்த பணம் திரும்பாது. அதை எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். விடை உள்ள கேள்வி என்றால் தெரிந்தவரைக் கேட்டு எழுதிக்கொண்டு நகர வேண்டும். ருசி என்றால் ஓர் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

நடுவில் உள்ளதுதான் ஏமாற்றும். பேனரில் 'தண்ணீர் பந்தல்' என்று போடுவதா, 'தண்ணீர்ப் பந்தல்' என்று போடுவதா? எங்கள் கூட்டம் ஒன்றில் இதற்குக் கை தூக்கி வாக்கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்! 'ப்' வர வேண்டும் என்று அவர் சொன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். சரியான விடை இருக்கும் இடத்தில் பெரும்பான்மைக்கு என்ன வேலை? மஞ்சள் விவகாரம் நேர் எதிர். அதற்குச் சரியான விடை என்று ஒன்று பிறக்கப் போவதே இல்லை. அங்கே விவாதம் எத்தனை மணிக்கு நின்றாலும் அலுப்பில் நின்றதாகத்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு முன்னால்

ஆபத்து உள்ளவற்றை முதலில் வையுங்கள். மீகூனும் தேத்தண்ணீரும் கடைசியில் வரட்டும். சாப்பாடு வந்த பிறகு எடுத்த முடிவு எதையும் நான் நம்புவதில்லை.

பெரிய விஷயம் ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். என்ன முடிவு எடுக்க வேண்டும், தவறினால் என்ன ஆகும், எவ்வளவு செலவு. இவ்வளவுதான். இரண்டு பக்கம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், மடித்து விசிறிக்கொள்வார்கள்.

எங்கள் மின்சாரத் தாளைச் சொல்கிறேன். நம் நாட்டுச் சுவர் பிளக்கில் இருப்பது 13 ஆம்ப் ஃபியூஸ். 230 வோல்ட்டோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 3,000 வாட். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் எத்தனை துளை இருந்தாலும் அதன் மொத்தக் கொள்ளளவு அந்த ஒரு பிளக்கினுடையதுதான். தண்ணீர் கொதிக்க வைக்கும் பாய்லர் ஒன்றே 2,500 வாட் இழுக்கும். அப்படியானால் இரண்டு பாய்லரை ஒரே வயரில் மாட்டலாமா? இதைத் தாளின் மேலே எழுதிவிட்டு, கீழே கட்டம் போட்டு வெற்றாக விட்டேன். அவரவர் கொண்டு வரும் சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து வாட் அளவை எழுதி வாருங்கள் என்றேன்.

அந்தக் கூட்டம் வேறு மாதிரி இருந்தது. சுண்டல் போடும் மாமா, வழக்கமாக உப்பைப் பற்றி மட்டும் பேசுகிறவர், "அப்போ என்னோட ரைஸ் குக்கரை எங்கே மாட்டுறது?" என்று கேட்டார். ஒலிபெருக்கிப் பையன் தன் ஆம்ப்ளிஃபயர் கணக்கைச் சொன்னான். ஐஸ் பெட்டிக்குத் தனி வயர் வேண்டும் என்று இன்னோர் அக்கா. வயர் சுருளை உருளையில் சுற்றியபடியே வைத்துப் பயன்படுத்தினால் உள்ளே சூடேறி உருகும், முழுவதும் பிரித்துப் போட வேண்டும் என்று, அதுவரை வாயே திறக்காத ஒரு தம்பி சொன்னான். அவன் குத்தகைக்கு வயரிங் செய்கிறவன் என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கோப்பையின் அளவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, நேரம் இல்லை.

ஜெனரேட்டர் வைத்தால் பந்தலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், புகைக்குழாய் ஆட்கள் இல்லாத பக்கம் திரும்பி இருக்க வேண்டும். மழை வருகிறது என்று கேனோபிக்கு அடியில் இழுத்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றும்போது வெயில் என்று நினைப்போம்.

சாப்பாட்டுத் தாளில் எண்கள் குறைவு. சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் கிடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சாதம் இதில் மோசமான ஆள். அதில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே முன்னிரவில் வடித்த சாதத்தைக் காலையில் கிளறி சூடேற்றிக் கொடுத்தால் போதும் என்று பாட்டிமார் சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி ஒரே ஆளிடம் கொடுங்கள். உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளில் உணவுக் கடைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டவை. சமைக்கும் இடத்தில் நிற்பவர்களாவது அவற்றை முடித்திருந்தால் நல்லது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது கணக்கு. 200 மில்லி கோப்பையில் 3,000 பேர் என்றால் 600 லிட்டர். யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை, ஒருவர் போட்டு இன்னொருவர் சரிபார்த்தால் போதும்.

கூட்டம் நடக்கும்போது

ருசி சம்பந்தப்பட்டதற்கு ஓர் ஆள், ஒரு தொகை, ஒரு தேதி. "டி-சட்டை அக்கா பொறுப்பு, இத்தனை வெள்ளிக்குள் (ரிங்கிட்), பதினைந்தாம் தேதிக்குள்." அதற்குப் பிறகு யாராவது மயிலைப் பற்றி ஆரம்பித்தால், "அக்காவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணே" என்ற ஒரே வரி. நூறு வெள்ளிக்குக் கீழே உள்ள செலவுக்குக் கூட்டத்தின் அனுமதி வேண்டாம் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். பொறுப்பாளரே வாங்கி ரசீது கொடுத்தால் போதும். துடைப்பம் வாங்க ஒரு தீர்மானம் போட்ட காலம் எங்களுக்கும் இருந்தது.

பெரியவர்களை நடுவில் வெட்டாதீர்கள். அவர் சுண்டலில் உப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் அதில் எட்டு நிமிடம் உப்பு இல்லை. அவருடைய அப்பா காலத்தில் பந்தல் எப்படி இருந்தது என்பது அது. கேட்டுவிட்டு, "மாமா, நீங்கள் சொல்வதுதான் சரி. சுண்டல் உங்கள் பொறுப்பு, உப்பு உங்கள் கைக்கணக்கு" என்று சொல்லுங்கள். எதிர்த்துப் பேச அவருக்கு ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, இதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். உப்புப் பெறாத விஷயத்தில் ஒருவர் உயிரைக் கொடுத்து வாதாடினால், அவர் பேசுவது அந்த விஷயத்தைப் பற்றி இல்லாமல் இருக்கலாம். பேனரில் வெள்ளி ரதத்தின் படம் இடப்பக்கம் வர வேண்டும் என்று ஒருவர் இரண்டு கூட்டம் சண்டை போட்டார். பிறகு கோப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது, அதற்கு முந்தைய ஆண்டு பேனர் வேலையை அவரிடம் கேட்காமலே வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று. இடப்பக்கத்தை விட்டுக்கொடுத்தாலும் அந்த மனக்கசப்பு தீர்ந்திருக்காது. நன்கொடையாளர்களைப் போய்ப் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தோம். நன்றாகவே செய்கிறார். இப்படிப்பட்டதைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், சபையில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

'பிறகு பேசுவோம்' என்று ஒரு பக்கத்தை நோட்டின் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வழிமாறினால், பேசியவர் பார்க்கும்படி அதை அதில் எழுதுங்கள். தன் சொல் எழுத்தில் ஏறிவிட்டது என்றால் மனிதர் அமைதியாகிவிடுவார். அந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள், ஏமாற்று வேலை வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு, எழுதச் சொன்னவரே "அதை விடுங்க" என்பார்.

நடவடிக்கைக் குறிப்பில் என்ன வேலை, யார், எப்போதைக்குள் என்று மூன்று மட்டும் எழுதுங்கள். யார் என்ன சொன்னார் என்று எழுதினால் அடுத்த கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் "நான் அப்படிச் சொல்லலியே" என்பதிலேயே போகும்.

விடக் கூடாத சின்ன விஷயங்கள்

விலை குறைவு, பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஆபத்துப் பட்டியலில் வர வேண்டியவை சில உண்டு. காஸ் தோங்குக்கும் (சிலிண்டர்) அடுப்புக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாய் அப்படிப்பட்டது. வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தோங்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் வைக்காதீர்கள். இந்த காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஜாலான் (சாலை) ஓரத்தில் பந்தல் போடுகிறவர்களுக்கு இடம் இருப்பதே லோங்காங் பக்கம்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இதைக் கூட்டத்திலேயே படம் வரைந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

ஐஸ் வாங்கும்போது குடிப்பதற்கானதா, மீன் பெட்டிக்கானதா என்று கேளுங்கள். கேட்க அரை நிமிடம் ஆகும்.

தேங்காய் ஓடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும். 2017-லிருந்து தங்க ரதமும் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து மலைக்கோவிலுக்குப் போகிறது. வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள், சீனர்களும் வரிசையில் நின்று உடைப்பார்கள். கூட்டித் தள்ளினாலும் சில்லுகள் ஓரத்தில் மிஞ்சும். மறுநாள் அதே சாலையில் பால்குடமும் காவடியும் வெறுங்காலில் வரும். உங்கள் பந்தலுக்கு முன்னால் உள்ள துண்டுச் சாலையைக் கூட்ட ஆளும், வெயிலில் தார் சுடாமல் தண்ணீர் ஊற்ற ஆளும் பெயர் போட்டுக் குறித்து வையுங்கள். 'யாராவது' என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள்.

பெர்மிட்டோடு வரும் நிபந்தனைத் தாளைச் செயலாளர் முழுவதும் படிக்க வேண்டும். பந்தல் அளவு, ஒலிபெருக்கி நேரம், எப்போது பிரிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். போன வருடத் தாளை வைத்து இந்த வருடத்தை ஓட்டாதீர்கள். கோப்பை விஷயத்தில் பாலிஸ்டைரீன் வேண்டாம் என்பதை அளவு, வண்ணம் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். பினாங்கில் அதற்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுப்பதையே 2011-இல் நிறுத்திய மாநிலம் இது.

நன்கொடையாளர் பெயர்ப் பலகை. வெளியாள் ஒருவருக்கு இது உப்புப் பெறாத விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு 'டத்தோ' பட்டம் விடுபட்டால், தலைப்பெழுத்து ஒன்று மாறினால், இறந்தவர் பெயருக்கு முன் 'அமரர்' இல்லாமல் போனால், அந்தக் குடும்பம் உங்கள் பந்தல் பக்கம் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காது. இதில் நான் ஒரு எழுத்தையும் விட மாட்டேன். பெயரை நன்கொடையாளரே கைப்பட எழுதித் தர வேண்டும், அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வோம். பலகை அச்சுக்குப் போகுமுன் ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்ப்பார். பட்டியலைக் கீழிருந்து மேலாகவும் ஒரு தடவை. பழகிய வரிசையில் படித்தால் மூளை தானே திருத்திக்கொண்டு போய்விடும், தலைகீழாகப் படித்தால் எழுத்து எழுத்தாகப் பார்க்கும்.

காசு கணக்கு

பொருளாளர் அண்ணனுக்கு ஒரு வருடம் கணக்கில் சில காசுகள் இடித்தன. இரவு முழுவதும் ரசீதுகளைப் பாயில் பரப்பிவிட்டார். ஐஸ்காரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ரசீதே வாங்காதது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் காசுகள் எங்கே போயின? கடையில் ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்குகிறார்கள், 2008 ஏப்ரலிலிருந்து. 47 வெள்ளி 83 காசு என்று பில் சொன்னால் கையிலிருந்து போவது 47 வெள்ளி 85 காசு. பில்லில் உள்ளதை எழுதினால் கல்லாவோடு ஒட்டாது. கணக்குத் தாளில் 'முழுமையாக்கல்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொருளாளரின் கண்ணை நூறு வெள்ளிக்கு மேற்பட்ட ரசீதுகள் பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த உழைப்பும் பொறுமையும் வேறு யாருக்கும் வராது. எங்கள் அண்ணன் இப்போது முன்பணம் கொடுத்த இடத்திலேயே நின்று ரசீது வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார்.

வாட்ஸ்அப்

கூட்டத்தில் முடிந்தது வாட்ஸ்அப்பில் மறுபடி உயிர் பெறும். இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் அறிவிப்புப் போடலாம். மற்றதில் காலை வணக்கம், முருகன் படம், மஞ்சள் சர்ச்சை எல்லாம் நடக்கட்டும். அறிவிப்புக் குழுவில் "எல்லாருக்கும் ஓகேயா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, இல்லாத கருத்தையும் வரவழைக்கும். இப்படிப் போடுங்கள்: "சட்டை நிறம் மஞ்சள், மாதிரி கீழே. அளவை மட்டும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் அக்காவுக்குத் தனியாக அனுப்பவும்." கருத்துக் கணிப்பு வசதியைப் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சாரம், காஸ், சாப்பாடு இவற்றுக்கு வேண்டாம். இரண்டு பாய்லரை ஒரே வயரில் மாட்டலாம் என்று முப்பது பேர் கட்டைவிரல் காட்டினாலும் வயருக்கு அது தெரியாது.

பந்தல் பிரித்த பிறகு

மறு ஆண்டுக்கான அரைப்பக்கத் தாள்களை அன்றிரவே தொடங்கிவிடுங்கள். ஐஸ் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எத்தனை லிட்டர் மிஞ்சியது, எந்த வயர் சூடானது, எந்த நேரத்தில் ஆள் போதவில்லை. தோங்குகளை லாரியில் ஏற்றுகிறவரையும் பாய்லரைக் கழுவுகிறவரையும் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். மறுநாள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், அதற்கடுத்த நாள் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்பார்கள். தாளைச் செயலாளர் ஒன்று, வயரிங் தம்பி ஒன்று என்று இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவன் வராவிட்டால் தேதியை மாற்றுங்கள்.